தள்ளுபடியா, தலையில் கட்டுவதா?

ஆடி பிறந்தால் போதும், அறிவிப்புகள் பறக்கின்றன. "50 விழுக்காடு தள்ளுபடி! அதன்மேல் இன்னும் 20 விழுக்காடு!" கருங்குழியிலே கூலி வாங்கிய கையோடு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுகிறார் நம் தோழர். ஆடியில் மணவிழா ஆகாது என்று சொல்லிவைத்ததால் மந்தமான வணிகம், மலிவு விலை மந்திரத்தால் பிழைக்கிறது! பிழைக்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: எந்த விலையிலிருந்து தள்ளுகிறார்கள்?

500 ரூபாய்ச் சேலைக்கு 1000 என்று சீட்டு ஒட்டுவது. அதைச் சிவப்பு மையால் அடிப்பது. "பாதி விலை" என்று முழங்குவது. இதற்குப் பெயர் தள்ளுபடியா? ஐம்பதும் இருபதும் எழுபது என்று நம் மனம் கூட்டிக்கொள்கிறது. கணக்கோ வேறு! 1000-ல் பாதி போனால் 500. அந்த 500-ல் 20 விழுக்காடு 100. கழிந்தது 600. எழுபதல்ல தோழர்களே, அறுபது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. சொன்ன மலிவு விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் விளம்பரம் செய்வது முறையற்ற வணிகம். ரசீது தர மறுப்பதும் அப்படியே. பழுதான பொருளை, ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகை பழுதுச் சரக்குக்குச் செல்லாது!

2022-ல் வந்த விளம்பர நெறிமுறைகள் இன்னொன்றும் சொல்கின்றன: அறிவிப்பு எந்த மொழியிலோ, நிபந்தனையும் அந்த மொழியிலேயே இருக்கவேண்டும். தமிழிலே அழைத்து, ஆங்கிலப் பொடியெழுத்திலே கவிழ்ப்பது கூடாது!

ஆனால், சட்டம் தானாக நடந்து கடைக்குள் நுழையாது. நாம்தான் அழைத்துச் செல்லவேண்டும். ரசீதையும் விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற எண்ணில் முறையிடுங்கள். தீராவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை.

"நூறு ரூபாய்க்கு வழக்கா?" என்று சிரிப்பார்கள். ஆயிரம் பேரிடம் நூறு நூறாகப் பறித்தால் லட்சம் அல்லவா! அந்த லட்சம்தான் சிரிக்கிறது.

கூலி உயர்வுக்குக் கூடி நிற்கத் தெரிந்த தோழர்களே! பெற்ற கூலி பறிபோகாமல் காக்கவும் கூடி நில்லுங்கள். முதலில், ரசீதைக் கேளுங்கள்!