கீசரில் நிலைக்காத சுடர்

தில்லியில் மார்கழி பிறந்துவிட்டால், பச்சைத் தண்ணீரில் குளித்தே வளர்ந்த நம்மவர் வீடுகளிலும் வெந்நீரின்றி ஸ்நானம் நடவாது. அதற்கெனச் சுவரில் மாட்டிய காஸ் கீசரோ, குளிர் மிகுந்த நாளாகப் பார்த்துச் சண்டித்தனம் செய்யும். குழாயைத் திறந்தால் பொறி பறக்கிறது, சுடரும் எழுகிறது, சில விநாடிகளில் அணைந்துபோகிறது. யந்திரம் கெட்டுவிட்டது என்கிறோம். உண்மையில் அதனுள் இருக்கும் காவலாளி தன் கடமையைச் செய்கிறான்.

பர்னரின்மேல், சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் கம்பியே அக்காவலாளி. மெக்கானிக்குகள் அதைச் சென்சார் என்பர். சுடரில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால், அதனூடே மிகச் சொற்பமான மின்சாரம், ஓர் ஆம்பியரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் சில கூறுகளே, பாய்கிறது. அது பாயும்வரை காஸ் வால்வு திறந்திருக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். இக்காவல் இல்லையெனில், சுடர் அணைந்த பின்னும் காஸ் வந்துகொண்டேயிருக்கும். காற்றினும் கனமான அது தரையோரம் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

ஆகவே சுடர் எழுந்தும் நிலைக்காதபோது, முதலில் பாட்டரிகளை மாற்றிப் பார்த்தல் நலம். பொறி விடுவதற்குப் போதுமான வலிமை, வால்வைத் திறந்தபடி பிடித்துவைக்கப் போதாமற் போவதுண்டு. அடுத்தது கம்பி. நாள்படப் புகைக்கரியும் வெண்சாம்பல் போன்ற படிவும் அதன்மேல் ஏறி, மின்சாரத்தை மறித்துவிடும். ரெகுலேட்டரை மூடி, பாட்டரிகளை எடுத்துவிட்டு, சூடு முற்றும் ஆறிய பின், மெல்லிய இரும்பு நாரால் இலேசாகத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைக்கலாம். கம்பியை வளைத்துவிடலாகாது, சுடரை விட்டு விலகினாலும், பர்னரைத் தொட்டாலும் பயன் கெடும். அதன் பீங்கான் உறையில் கீறல் உண்டா, ஒயர் தளர்ந்துள்ளதா என்றும் நோக்குக. கைப்பழக்கமில்லாதவர் இதை மெக்கானிக்கிடம் விடுவதே முறை. ஆனால் அவர், "சென்சார் இல்லாமலே ஓட வைக்கிறேன்" என்றால், கூலியைக் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்.

கம்பி சுத்தமாயிருந்தும் சுடரே நலிந்திருக்கலாம். கடுங்குளிரில், தீரும் தறுவாயிலுள்ள சிலிண்டரில் அழுத்தம் குறையும். அதிலுள்ள பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பதால், குளிர் நாளில் மந்தமாகவே ஆவியாகிறது.

சுடர் நன்றாக எரிந்து, பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குப் பின் அணையுமானால் அது வேறு விஷயம். பல கீசர்களில் குறித்த நேரத்தில் தானே அணையும் ஏற்பாடு உண்டு. அதுவன்றி, அடைத்த குளியலறையில் பிராணவாயு குன்றியதாலும் சுடர் நலியும். அப்போது மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு பிறக்கும். குளிர் புகாதிருக்க ஜன்னலை மூடித் துணி அடைக்கும் வழக்கமே பலரது உயிரைக் குடித்திருக்கிறது. தலை கனத்தால், குளியலை விட்டு உடனே வெளியே வாருங்கள். பிறகு கீசரைக் காற்றோட்டமுள்ள வெளிப்புறச் சுவருக்கு மாற்றி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் செய்யுங்கள்.