கெடாவில் தங்கம் தேட மெட்டல் டிடெக்டர்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சோழர் காலத்தில் கடாரம் என அழைக்கப்பட்ட கெடாவில் தங்கம் புதைந்து கிடக்கிறது என்ற பேச்சு தோட்டப்புறங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. இப்போது மெட்டல் டிடெக்டர் கருவிகள் இணையத்தில் சில நூறு வெள்ளி முதல் பல்லாயிரம் வெள்ளி வரை விற்கப்படுகின்றன. ஆசையில் அவசரப்பட்டு வாங்கினால் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகும். சில இடங்களில் தோண்டினால் சட்டச் சிக்கலும் வரும்.

கெடாவில் தங்கம் கிடைக்குமா?

மலேசியாவின் தங்க வளம் பெரும்பாலும் தீபகற்பத்தின் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. 1889-இல் சுரங்கத் தொழில் தொடங்கிய பகாங்கின் ரவூப், அதே மாநிலத்தின் கோல லிப்பிஸ் வட்டாரம், கிளந்தான் ஆகியவை அதற்குப் பெயர் பெற்றவை. கெடா அமைந்திருக்கும் மேற்குப் பகுதியில் ஈயமும் இரும்பும்தான் முக்கியக் கனிமங்கள். ஆகவே, ஆஸ்திரேலியாவில் 1980-இல் ஒருவர் டிடெக்டர் கொண்டு 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டியைக் கண்டெடுத்தது போல இங்கும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கெடாவில் இந்தக் கருவியால் கிடைக்கக்கூடிய தங்கம் பெரும்பாலும் தவறவிட்ட நகைதான். பழைய லயத்து வாசலில் விழுந்த தோடு, பந்தாய் மெர்டேக்கா கடற்கரையில் கழன்ற மோதிரம் போன்றவை அதில் அடங்கும்.

கடுகளவு தங்கத்துக்குத் தனிக் கருவி

தங்கம் மிகவும் கனமான உலோகம். ஒரு கிராம் தங்கத்தை உருண்டையாக்கினால் ஒரு மிளகளவுதான் இருக்கும். 0.1 கிராம் என்றால் பெரிய கடுகளவு. இவ்வளவு சிறிய பொருளைக் கண்டுபிடிக்க எல்லாக் கருவிகளாலும் முடியாது.

டிடெக்டரின் வட்டச் சுருள் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டதும் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் சைகையைத்தான் கருவி ஒலியாகத் தருகிறது. பொருள் சிறிதாக இருந்தால் அந்தச் சைகை மிக விரைவில் மறைந்துவிடும். அதைப் பிடிக்க அதிக அலைவரிசை தேவை. நாணயம் தேடும் சாதாரணக் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. சிறு தங்கத்துக்கென்றே செய்யப்பட்ட மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 கருவி 45 கிலோஹெர்ட்ஸிலும், ஃபிஷர் கோல்ட் பக் 2 கருவி 71 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன.

சுருளின் அளவும் முக்கியம். பெரிய சுருள் ஆழமாகத் தேடும்; ஆனால் சிறு துணுக்கைத் தவறவிடும். சிறிய தங்கத்துக்குச் சிறிய சுருளே ஏற்றது. அப்படியிருந்தும் கடுகளவு தங்கம் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால்தான் தெரியும்.

செம்மண்ணும் உப்புநீரும்

கெடாவின் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். குனோங் ஜெராய் அடிவாரத்தில் இரும்புத் தாதும் உண்டு. இத்தகைய மண்ணில் மலிவான கருவி ஓயாமல் கத்தும். மண்ணின் தன்மைக்கேற்பக் கருவியைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இரும்பு மிகுந்த மண்ணுக்கு, துடிப்பு முறையில் இயங்கும் பல்ஸ் இண்டக்ஷன் கருவிகள் பொருத்தமானவை. ஆனால் அவற்றின் விலை அதிகம். இரும்பு ஆணிக்கும் தங்கத்துக்கும் வேறுபாடு காட்டுவதிலும் அவை பலவீனமானவை. கடற்கரையின் ஈர உப்பு மணல் அதிக அலைவரிசைக் கருவிகளைக் குழப்பும். அங்கே ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் கருவியே நல்லது.

தோட்டங்களில் இன்னொரு தொல்லை குப்பை. மங்கு கட்டிய கம்பி, தகரக் கூரை ஆணி, பான டின் மூடி வளையம், அலுமினியத் தாள் எல்லாமே மண்ணில் கிடக்கும். மூடி வளையமும் அலுமினியத் தாளும் தங்கத்தைப் போலவே சைகை தரும். குப்பையை ஒதுக்கும் வசதியை முழுமையாகப் போட்டால் தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். தங்கம் தேடுபவர் நிறையக் குப்பையைத் தோண்டியெடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

மெல்லிய சங்கிலியைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதும் பலருக்குத் தெரியாது. மொத்த எடை அதிகமாக இருந்தாலும் கருவிக்கு அது தனித்தனிச் சிறு வளையங்களாகவே தெரியும். முழு வட்டமான மோதிரம் எளிதில் அகப்படும்.

நூறு மீட்டர் தூரத்துத் தங்கமா?

தொலைவிலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று, ஆன்டெனா கம்பியுடன் விற்கப்படும் கருவிகளை நம்ப வேண்டாம். அண்டை நாடான தாய்லாந்தில் வெடிகுண்டைக் கண்டுபிடிக்க வாங்கப்பட்ட ஜிடி200 கருவி இதற்கு நல்ல பாடம். 2010-இல் நடந்த சோதனையில் அது 20 முறையில் 4 முறை மட்டுமே சரியாகக் காட்டியது. குருட்டாம்போக்கில் சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. அதை விற்ற பிரிட்டன் ஆடவருக்கு 2013-இல் 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எங்கே தோண்டக்கூடாது?

மெர்போக், சுங்கை பத்து உள்ளிட்ட பூஜாங் பள்ளத்தாக்குப் பகுதி நம் வரலாற்றின் சான்று. அங்குள்ள சண்டி எனப்படும் பழங்கோயில்களின் அடியில், பொன், வெள்ளித் துண்டுகளும் மணிக்கற்களும் வைத்த பேழைகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அவை எந்த இடத்தில், எந்த நிலையில் இருந்தன என்பதில்தான் வரலாறு இருக்கிறது. ஒருவர் தோண்டி எடுத்துவிட்டால் சில வெள்ளி பெறுமான பொன் மட்டுமே மிஞ்சும். சுங்கை பத்துவில் 11-ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டது 2013-இல் தெரியவந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததை மறக்க முடியாது.

தேசிய பாரம்பரியச் சட்டம் 2005-இன்படி, தொல்பொருளைத் தேடித் தோண்ட உரிமம் தேவை. தற்செயலாகக் கிடைத்தாலும் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். மண்ணிலுள்ள கனிமம் மாநில அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதால் இயற்கைத் தங்கத்தைத் தேடுவதற்கும் அனுமதி வேண்டும். தோட்ட நிலத்தில் தேடும் முன் நிர்வாகத்தின் சம்மதத்தைப் பெற வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடைக்குப் போகும்போது சொந்த மூக்குத்தி ஒன்றை எடுத்துச் செல்லலாம். அதைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து, செம்மண் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியில் இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்துக் கருவியை மேலே ஆட்டிப் பார்க்கச் சொல்லலாம். தெளிவான ஒலி வந்தால் அந்தக் கருவி சிறு தங்கத்துக்கு உதவும். சோதிக்க விற்பனையாளர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு கடையைப் பார்ப்பதே நல்லது. தொலைந்த ஒரு தோட்டை மட்டும் தேட வேண்டுமென்றால், கருவி வைத்திருக்கும் ஒருவரை ஒரு நாளைக்கு அழைத்துத் தேடச் சொன்னாலே போதும்.