வில்லடியும் கிரேக்க நாடகமும்

மயிலாடிப் பட்டறைகளில் பகலெல்லாம் உளிச் சத்தம். கோயில் கொடை நடக்கும் ஊரென்றால் இரவில் வில்லின் மணிச் சத்தம். பழைய கிரேக்க நாடகம் எப்படிப் பிறந்தது என்று நாஞ்சில் நாட்டுக்காரருக்கு விளக்க அந்தக் கொடைப் பந்தலே போதும்.

ஏதென்ஸில் நாடகம் நினைத்த நாளில் நடக்காது. மதுவுக்குரிய தெய்வமான தியோனிசஸின் விழாவில்தான் நடக்கும். ஆரம்பத்தில் நடிகர் என்று யாரும் இல்லை. ஒரு கூட்டம் ஆடிப் பாடும், அவ்வளவுதான். கி.மு. 534 வாக்கில் தெஸ்பிஸ் என்பவர் தனியாக நின்று பாத்திரமாகப் பேசினார் என்பது மரபு. பிறகு ஈஸ்கிலஸ் இரண்டாவது நடிகரையும், சோபோக்ளிஸ் மூன்றாவது நடிகரையும் சேர்த்தார்கள். அரசன், அரசி, தூதன் எல்லாரும் அந்த மூன்று பேர்தான், முகமூடியை மாற்றிக்கொண்டு. பெண் வேடமும் ஆண்களுக்கே. நம் கணியான் கூத்திலும் ஆண்கள்தான் சேலை கட்டி ஆடுகிறார்கள். வில்லடியில், அதாவது வில்லுப்பாட்டில், அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2018இல் மறைந்த பூங்கனி அம்மாள் சிறு வயதிலேயே வில்லுக்கு முன் உட்கார்ந்தவர்.

பாடும் கூட்டம் ஆடிய வட்டத் தரைக்கு கிரேக்கர் வைத்த பெயர்தான் ஆர்க்கெஸ்ட்ரா. (இன்று சில கொடைகளில் வில்லை ஓரங்கட்டுவதும் அதே பெயர்தான்.)

வில்லடியில் முகமூடியும் இல்லை, வேடமும் இல்லை. மண்குடத்தின் மேல் பெரிய வில்லைக் கிடத்தி, புலவர் இரண்டு வீசுகோலால் நாணை அடிக்கிறார். உடுக்கையும் தாளமும் கூடச் சேர்கின்றன. அவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் “ஆமா” போட்டு, அந்த வரியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். கிரேக்கப் பாடும் கூட்டத்தில் 12 பேர், பின்னாளில் 15 பேர் செய்த வேலையை இங்கே இரண்டு மூன்று பின்பாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டும் நெருங்குகிற இடம் சாவு. கிரேக்க மேடையில் பெரும்பாலும் கொலையைக் காட்டமாட்டார்கள். ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொள்வது அரண்மனைக்கு உள்ளே. ஒருவன் வெளியே வந்து அதைச் சொல்வான். வில்லடிக் கதையின் நாயகன் முத்துப்பட்டன் மாடு திருட வந்தவர்களோடு மோதி உயிர்விடுவதையும் புலவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடுகிறார்.

அந்த இடத்திலேயே பாதையும் பிரிகிறது. சாவைப் பாடும்போது உடுக்கை வேகமெடுக்கும், வீசுகோல் நாணில் பறக்கும். பந்தலில் அதுவரை சும்மா நின்ற, சாமியாடும் கோமரத்தாடியின் உடல் நடுங்கத் தொடங்கும். கதையில் செத்தவன் சாமியாக அவர்மேல் இறங்குகிறான். பாட்டைக் கேட்டு அழுதுகொண்டிருந்தவர்கள் இப்போது அவரிடம் குறி கேட்கிறார்கள், திருநீறு வாங்குகிறார்கள். ஏதென்ஸிலும் தியோனிசஸின் சிலையை அரங்கத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அவருடைய பூசாரிக்கு முன்வரிசையில் போட்ட கல் ஆசனம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தச் சாமி பார்வையாளர். நம் சாமி பந்தலுக்குள் இறங்கி ஆடுகிறது.

அடுத்த கொடையில் பத்து மணிக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சாமி வருவது அதற்குப் பிறகுதான்.