பழைய மதர்போர்டில் புதிய பிராசசர்: வோல்டேஜைக் குறைக்கலாமா?

நம் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்களில் பல 2017, 2018 வாக்கில் வாங்கியவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. முதல் தலைமுறை ரைசன் பிராசசர்களோ விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. "கம்ப்யூட்டரையே மாற்றுங்கள்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். உடனே தலையாட்ட வேண்டாம் என்பது நம் கருத்து.

அந்த ரைசன்கள் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காருபவை. 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி-யும் அதே சாக்கெட்டுதான். ஏ320, பி350 போன்ற பழைய போர்டுகளிலும் 5000 வரிசையைப் போட ஏஎம்டி நிறுவனம் 2022-இல் வழிவிட்டது. நம்மிடம் உள்ள போர்டுக்கு அதற்கான பயாஸ் உண்டா என்று போர்டு கம்பெனியின் பட்டியலில் பார்த்த பிறகே பிராசசருக்குப் பணம் கொடுக்க வேண்டும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை மாற்றிவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடக் கூடாது.

அடுத்தது சூடு. 65 வாட் என்று எழுதியிருந்தாலும் இந்தப் பிராசசர் முழுவேலையில் 88 வாட் வரை இழுக்கும். மலிவு போர்டுகளில் பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் அலுமினியத் தகடுகூட இருக்காது. தகரக் கூரையும் மாவுத் தூசியும் உள்ள நம் கடைகளில் அது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்குத்தான் வோல்டேஜைக் குறைப்பது. வேகம் மாறாமல் 1.20 வோல்ட்டை 1.08 ஆக்கினால் குறைவது பத்து சதவீதம். செலவாகும் மின்சக்தியோ ஏறக்குறைய 19 சதவீதம் குறையும்.

ஆனால் எடைக்கல்லைத் தேய்த்தால் நிறை குறைவது போல, அளவுக்கு மீறிக் குறைத்தால் கணக்கு தப்பும். கம்ப்யூட்டர் நின்றுபோனால் நமக்குத் தெரியும். நிற்காமல், ஸ்டாக் கோப்பையும் ஜிஎஸ்டி கணக்கையும் ஓசைப்படாமல் கெடுத்துவிட்டால் மாதக் கடைசியில்தான் தெரியவரும். எனவே 0.025 வோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் முழுவேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். தடுமாறினால் இரண்டு படி மேலே ஏற்றிவிடுங்கள். முதலில் கணக்கு முழுவதையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

சில ஏ320 போர்டுகளில் வோல்டேஜைக் குறைக்கும் வசதியே இருக்காது. அங்கே பயாஸில் 45 வாட் அளவு இருந்தால் அதை வைத்துக் கொள்ளலாம். அப்போது உச்ச இழுவை 61 வாட்தான். பில் போடும் வேலைக்கு இதுவே தாராளம். கணக்கு கெடும் பயமும் இல்லை. எங்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வோம்.

கரண்ட் பில்லில் லாபம் வரும் என்று எண்ண வேண்டாம். 12 மணி நேரமும் 25 வாட் மிச்சமானால்கூட மாதம் ஒன்பது யூனிட்தான். பில் போடும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் சும்மா இருப்பதால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. லாபமெல்லாம் போர்டின் ஆயுளில்தான்.

தீபாவளி, பொங்கல் சரக்கு இறங்கும் வாரங்களில் இதில் கை வைக்க வேண்டாம். கடை விடுமுறைக்கு முதல் நாள் இரவு தொடங்கினால் சோதித்துப் பார்க்க ஒரு பகல் முழுதும் கிடைக்கும்.