தோலுக்கு அடியில் ஐந்து ஆண்டு மருந்து!
ரப்பர் குழாய் செய்யும் அதிசயம்

திருவிழாவில் குழந்தைக்குப் பலூன் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். முடிச்சு இறுக்கமாகத்தான் இருக்கும். ஓட்டையும் கிடையாது. ஆனாலும், மறுநாள் பார்த்தால் பலூன் சுருங்கிக் கிடக்கும்.

உள்ளே இருந்த காற்று எங்கே போயிற்று?

ரப்பருக்குள்ளேயே நுழைந்து, மெல்ல மெல்லக் கடந்து, வெளியே போய்விட்டது!

இதே வழியில்தான் சிலிக்கோன் என்ற ரப்பர் வழியாக மருந்தும் கசிகிறது.

மணலில் பிறந்த ரப்பர்

சிலிக்கோன், ரப்பர் மரத்தின் பாலில் இருந்து வருவது அல்ல. மணலில் உள்ள சிலிக்கான் என்ற மூலப்பொருளில் இருந்து தயாராவது. சூடு பட்டாலும் எளிதில் கெடாது. உடம்புக்குள் வைத்தாலும் பெரும்பாலும் சாதுவாக இருக்கும்.

அமெரிக்க டாக்டர்கள் ஜூடா போக்மன், டேவிட் லாங் ஆகிய இருவரும் 1964-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். "சிலிக்கோனுக்குள் மருந்தை அடைத்து உடம்பில் வைத்தால், அது நீண்ட நாள் சிறிது சிறிதாக வெளிவரும்" என்பதுதான் அவர்கள் கண்டது.

எல்லா மருந்தும் வந்துவிடுமா? வராது. எண்ணெயில் கரையும் சுபாவம் உள்ள சிறிய மருந்துகளே இந்தச் சுவரைக் கடக்கும். சர்க்கரை நோய்க்கான இன்சுலின் உருவத்தில் பெரியது. அது உள்ளேயே நின்றுவிடும்.

கையில் ஆறு குழாய்கள்

நியூயார்க்கில் உள்ள மக்கள் தொகைக் கவுன்சில் இந்த வழியைப் பிடித்துக் கொண்டது. டாக்டர் ஷெல்டன் சீகலும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் உழைத்து, "நார்பிளாண்ட்" என்ற கர்ப்பத்தடைச் சாதனத்தை உருவாக்கினார்கள். 1983-ல் பின்லாந்து நாடும், 1990-ல் அமெரிக்காவும் அதை அனுமதித்தன.

ஆறு சிலிக்கோன் குழாய்கள். ஒவ்வொன்றும் 34 மில்லிமீட்டர் நீளம். தீக்குச்சி அளவுதான்! ஒவ்வொன்றிலும் 36 மில்லிகிராம் மருந்து. அவற்றைப் பெண்ணின் மேல் கையில், தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ஐந்து ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

முதல் ஆண்டு கழிந்த பிறகு ஒரு நாளில் கசிவது எவ்வளவு தெரியுமா? ஒரு அரிசியை 700 துண்டாக்கினால் ஒரு துண்டு இருக்குமே, ஏறத்தாழ அவ்வளவுதான்!

இந்தக் கணக்கைக் காப்பது குழாயின் சுவர். சுவர் மெலிந்தால் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். தடித்தால் போதிய மருந்து வராது.

கெட்டிக் குழாயும் மெத்துக் குழாயும்

சிலிக்கோன் தனியாக இருந்தால் வலு இல்லை. சட்டென்று கிழிந்துவிடும். ஆகவே சிலிக்கா என்ற நுண்ணிய தூளை அதில் கலப்பார்கள். தூள் கூடினால் வலு கூடும். ஆனால், மருந்து போகும் பாதையில் தடையும் கூடும்.

நார்பிளாண்டில் இரண்டு வகைக் குழாய்கள் உபயோகப்பட்டன. ஒன்று அடர்த்தி மிகுந்த கெட்டிக் குழாய். மற்றது மெத்தென்ற குழாய். மருந்து ஒன்றுதான். அளவும் ஒன்றுதான். ஆனால், கெட்டிக் குழாய் வைத்துக் கொண்ட பெண்களில் கர்ப்பம் தரித்தவர்கள் அதிகம்! உடல் எடை கூடிய பெண்களிடம் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

"இரண்டும் சிலிக்கோன்தானே" என்று சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தை வேண்டாம் என்று நம்பியிருந்த குடும்பங்கள் அல்லவா அவை!

உறைய வைப்பது எது?

சிலிக்கோன் முதலில் பசை போல இருக்கும். பாலை மோர் உறைய வைப்பது போல, அதைக் கெட்டியாக்க ஏதாவது சேர்க்க வேண்டும். பிளாட்டினம் மிகச் சிறிதளவு சேர்த்தால் சுத்தமாகக் கெட்டிப்படும். கழிவு எதுவும் உண்டாவதில்லை. அதனால், உடம்புக்குள் நீண்ட நாள் இருக்கும் பொருளுக்கு இதையே பலரும் விரும்புகிறார்கள்.

இதிலும் ஒரு சங்கடம். கந்தகம் சேர்ந்த சில மருந்துகள் பிளாட்டினத்தின் வேலையைக் கெடுத்துவிடும். ரப்பர் உறையாமல் பிசுபிசுவென்றே நிற்கும்! அப்போது வெள்ளீயம் கலந்த வேறு முறைக்குப் போவார்கள். அதில் வெள்ளீயக் கலவை உள்ளேயே தங்கிவிடும். அது உடம்புக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்துக் காட்ட வேண்டும். சூடு தாங்காத மருந்தாக இருந்தால் அடுப்பில் வைத்து உறைய வைக்கவும் முடியாது.

சரக்கு நின்றது!

ஆறு குழாய்களை வைப்பதும் எடுப்பதும் சிரமமாக இருந்தது. எனவே இரண்டே குச்சிகளாக மாற்ற முயன்றார்கள். இதில் மருந்தைச் சிலிக்கோனோடு பிசைந்து நடுவில் வைத்து, மேலே சிலிக்கோன் உறை போட்டார்கள்.

சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோது, நடுவில் வைக்கும் அந்த ரப்பரைத் தயாரித்தவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள்! வேறு ரப்பரைத் தேடி, பெண்களிடம் மறுபடி சோதிக்க வேண்டி வந்தது. மருந்து மாறவில்லை, ரப்பர்தான் மாறியது. ஆனாலும் பழைய சோதனையை வைத்து அனுமதி கேட்க முடியுமா? புதிய ரப்பரில் கசிவு எப்படி இருக்கும் என்று யார் சொல்வது?

"ஜேடெல்" என்ற அந்த இரட்டைக் குச்சிக்கு அமெரிக்கா 1996-ல் அனுமதி கொடுத்தது. ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் மருந்து. நார்பிளாண்ட் இப்போது தயாராவதில்லை. ஜேடெல் பல நாடுகளில் உபயோகத்தில் இருக்கிறது.