இராஜிநாமாக் கடிதம் எழுதும் முறை

வேலை கேட்டு எழுதும் விண்ணப்பத்திற்கு நம் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமன்று. படித்தவரிடம் காட்டித் திருத்துவர்; நல்ல தாளில் படியெடுப்பர்; நாள் பார்த்துத் தபாலில் சேர்ப்பர். அதே வேலையை விட்டு விலகும்போதோ, துண்டுத் தாளில் இரண்டு வரி கிறுக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுகின்றனர். கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று கருதுவாரும் உளர். விண்ணப்பம் பிழையாயின் வேலை கிடைக்காமற் போகும், அவ்வளவே. இராஜிநாமா பிழையாயின், பல்லாண்டு உழைத்துச் சேர்த்த உரிமையே கையை விட்டுப் போகக்கூடும்.

முதற்கண் கவனிக்க வேண்டுவது, ‘இராஜிநாமா’ என்ற சொல்லையே எழுதலாமா என்பது. ஓய்வூதிய விதிகள் நடைமுறையில் உள்ள அலுவலகங்களில் இராஜிநாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. தில்லியில் மின்வழங்கல் நிறுவன ஊழியர் ஒருவர் 1990-இல் இராஜிநாமாச் செய்தார். பிறகு, தமக்கு இருபதாண்டுச் சேவை உண்டென்றும், தம் விலகலை விருப்ப ஓய்வாகக் கொண்டு ஓய்வூதியம் தரவேண்டும் என்றும் வழக்காடினார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இருபதாண்டு நிறைந்திருப்பினும், இராஜிநாமாச் செய்தவரின் முந்தைய சேவை விதிப்படி அற்றுப்போகும் என 2019-இல் தீர்ப்பாயிற்று. இரண்டு சொற்களுக்கும் இடையில் நின்றது ஒரு முதியவரின் மாதப்படி. ஆதலின் ஓய்வூதியம் உள்ள இடத்தில் பணிபுரிவோர், பேனாவை எடுக்குமுன் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது நாள். ‘விலகுகிறேன்’ என்று மட்டும் எழுதினால், இன்றோ, மாதக் கடைசியிலோ, ஏற்றுக்கொண்ட பின்னரோ என்ற ஐயம் எழும். நாள் குறித்து எழுதுவதன் பயனை 1977-இல் நிகழ்ந்த ஒரு செய்தி நன்கு விளக்கும். அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா அவ்வாண்டு மே 7-ஆம் நாள் குடியரசுத் தலைவருக்கு இராஜிநாமாக் கடிதம் எழுதினார். அது ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே குறித்திருந்தார். பின்பு மனம் மாறி, ஜூலை 15-ஆம் நாள் அதனைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். இது செல்லுமா என்று வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடுக்க, உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 1978-இல் அதை மாற்றி, குறித்த நாள் வருமுன் திரும்பப் பெறலாம் என்றது. அவரே பின்னர் அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியுமானார். நீதிபதியின் இராஜிநாமாவுக்கு எவர் ஒப்புதலும் வேண்டுவதில்லை. நம்மைப் போன்ற ஊழியர்க்கோ, மேலிடம் ஏற்றுக்கொண்டாலே விலகல் முற்றுப்பெறும். ஏற்கப்பட்டு நடைமுறைக்கும் வந்துவிட்டால், பிறகு வருந்திப் பயனில்லை.

ஏற்பது மேலிடத்தின் கையில் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1956-இல் மகபூப்நகர் இரயில் விபத்தின்போது இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இராஜிநாமாக் கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நம் அரியலூருக்கருகே விபத்து நேர்ந்தபோது மறுபடியும் கொடுத்தார், அப்போதுதான் ஏற்கப்பட்டது.

காரணம் எழுத வேண்டுமா என்று பலர் வினவுகின்றனர். ‘சொந்தக் காரணங்களால்’ என்ற இரண்டு சொற்கள் போதும் என்பது எம் கருத்து. மனத்தில் கிடந்த கோபமெல்லாம் கொட்டி நான்கு பக்கம் எழுதுவோர் உண்டு. அத்தாள் கோப்பிலேயே கிடக்கும். நாளை நன்னடத்தைச் சான்று கேட்டுச் செல்லும் நாளில், புதிதாக வந்த அதிகாரி அதைத்தான் முதலில் படிப்பார். உண்மையான முறைகேடு ஏதேனும் கண்டிருந்தால், அதைத் தனி மனுவாக எழுதுக. இராஜிநாமாவில் கலந்தால் முறையீடும் கெடும், விலகலும் கெடும்.

நெசவாளர் சங்கத்துக் குமாஸ்தா ஒருவர் எழுதுவதாயின், தலைவர் அவர்களை விளித்து இவ்வாறு எழுதலாம்: ‘ஐயா, நான் இச்சங்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக எழுத்தராகப் பணியாற்றி வருகிறேன். சொந்தக் காரணங்களால் இப்பதவியை இராஜிநாமாச் செய்கிறேன். நியமன உத்தரவின்படி ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து, வரும் மாதம் 31-ஆம் நாள் மாலை பணியிலிருந்து விடுபட விரும்புகிறேன். என் பொறுப்பிலுள்ள கணக்குகளையும் இருப்பையும் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் எனத் தெரிவிக்கக் கோருகிறேன். எனக்குச் சேரவேண்டிய தொகைகளைக் கணக்கிட்டு அளிக்குமாறு வேண்டுகிறேன்.’ கீழே கையொப்பமும் தேதியும். இதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டுவதில்லை.

சேரவேண்டிய தொகை எனில், பணிக்கொடையை மறந்துவிடுவோர் மிகப் பலர். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்த நிரந்தர ஊழியர், தாமே விலகினாலும் அதற்கு உரியவர். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இவ்விதி இன்றும் தொடர்கிறது. கணக்கிற்குரிய மாத ஊதியம் 13,000 ரூபாயானால் அதை 26-ஆல் வகுக்க ஒரு நாளைக்கு 500. பதினைந்து நாளைக்கு 7,500. பத்தாண்டுச் சேவைக்கு 75,000 ரூபாய். இரண்டு தறி வாங்கவோ ஒரு பெண்ணின் படிப்புக்கோ உதவும் தொகை. ஐந்தாண்டு நிறையச் சில வாரங்களே இருக்கும்போது கோபத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னர் விரலை எண்ணுவோரைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

கடிதத்தினும் பெரிது ஒப்படைப்பு. ரொக்கப் புத்தகத்தில் அன்றைய கையிருப்பை எண்ணி எழுதி, பெறுபவரிடம் கையொப்பம் வாங்குக. நூல் இருப்பைச் சிட்டம் சிட்டமாக, எண்வாரியாகப் பிரித்து எடைபோட்டு ஒப்படைக்க வேண்டும். ‘மூட்டை பன்னிரண்டு’ என்று எழுதி நிறுத்தலாகாது. நெசவாளர் வீடுகளில் பாவாகவும் ஊடையாகவும் இருக்கும் நூலை வீட்டுவாரியாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விளைபொருள் சங்கமாயின் கிடங்குச் சாவி, சாக்கு, தராசு, எடைக்கற்கள் யாவும் பட்டியலில் வரவேண்டும். தணிக்கையர் ஆறு மாதம் கழித்து வந்து குறைவு கண்டால், ஊரில் இல்லாதவர் தலையில்தான் அது முதலில் விழும். பட்டியல் இரண்டு படி. இரண்டிலும் இருவர் கையொப்பம். ஒன்று விலகுபவர் பெட்டியில் இருக்கட்டும். கடிதத்தின் நகலிலும் பெற்ற நாளிட்டு முத்திரையுடன் ஒப்புகை வாங்குக. வாங்க மறுப்பாராயின், பெற்றதற்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் விடுக்கலாம்.