இன்ஜின் யாரோடது பாஸ்?

லீவு விட்டா எங்க செட்டுக்கு ஒரே இடம்தான். பிளவக்கல்! ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்புன்னு வண்டியை விரட்டினா, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல அணை வந்துடும். முன்னாடி தண்ணி, பின்னாடி மலை, மேலே மேகம். செல்போன் சிக்னல் குறையக் குறைய அரட்டை கூடும்.

அன்னிக்கும் அப்படித்தான். மூணு பைக், ஆறு பேர், அரைக் கிலோ பால்கோவா. வழக்கமா கிரிக்கெட், சினிமான்னு ஆரம்பிக்கிற பேச்சு, அன்னிக்கு நேரா போர் விமானத்துக்குப் போயிடுச்சு. 'ரஃபேல்தான் கெத்து'ன்னு ஒருத்தன். 'பாகிஸ்தான்கிட்ட இருக்கிற சீனாவோட ஜே-10சி-யை மறந்துட்டியா?'ன்னு இன்னொருத்தன். 2025 மே மாச மோதல்ல யாரு எத்தனை விமானத்தை இழந்தாங்கன்னு ரெண்டு நாடும் வேற வேற கணக்கு சொல்லுது. எங்க செட்டுல ஆறு பேரும் ஆறு கணக்கு சொன்னோம்!

ஒருத்தன் மட்டும் வாயே திறக்கலை. மெக்கானிக்கல் ஃபைனல் இயர். விமானப்படையில சேர ஏஎஃப்கேட் தேர்வுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கான். வீட்டுல அம்மா 'வேணாம்'னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. 'ஸ்கோர் போடுறதை விடுங்கடா. வந்து எங்க அம்மாகிட்ட பேசுங்க'ன்னு எங்களை ராஜபாளையத்துக்கே இழுத்துட்டுப் போயிட்டான்.

காபி கொடுத்த கையோட அம்மா கேட்ட கேள்வி, அணையில நாங்க பேசின எல்லாத்தையும் விட சிம்பிள்:

"ஏம்ப்பா, நல்ல பிளேன்ல ஏத்துவாங்களா? இல்ல, பழசைத் தட்டிக் கொட்டி அதுல ஏத்தி விட்டுருவாங்களா?"

ஆறு இன்ஜினீயரிங் மாணவர்கள். ஒருத்தர்கிட்டயும் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அம்மா பயப்படறதுல நியாயம் இருக்கு

'ரங் தே பசந்தி' படம் பார்த்திருப்பீங்க. 2006-ல வந்தது. மிக்-21 விபத்துல நண்பனைப் பறிகொடுத்த பசங்களோட கதை. கதை கற்பனை, காரணம் கற்பனை இல்லை.

மிக்-21 நம்ம விமானப்படைக்கு வந்தது 1963-ல. கடைசியா சண்டிகர்ல விடை கொடுத்தது 2025 செப்டம்பர் 26-ல. கூட்டிக் கழிச்சுப் பாருங்க, 62 வருஷம்! தாத்தா ஓட்டின விமானத்தைப் பேரன் ஓட்டற கணக்கு. 2012-ல அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்துல ஒரு கணக்கு சொன்னார். வாங்கின 872 மிக் ரக விமானங்கள்ல பாதிக்கு மேல விபத்துல போயிடுச்சு. இறந்த பைலட்கள் 171 பேர். தரையில இருந்த பொதுமக்கள் 39 பேர்.

விமானம் மட்டுமா காரணம்? இல்லை. மிக்-21 தரை இறங்கும்போது வேகம் ரொம்ப அதிகம். கத்துக்குட்டி பைலட்டுக்கு நடுவுல பழக ஒரு நல்ல ஜெட் பயிற்சி விமானம் வேணும். அதை வாங்க முடிவெடுக்கவே சுமார் 20 வருஷம் ஆச்சு. 2004-லதான் பிரிட்டனோட 66 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. ஃபைல் நகர லேட் ஆனதுக்கு, ஓடுபாதையில விலை கொடுத்தது இளம் பைலட்கள்.

பக்கத்து நாட்டுக் கதையும் இதேதான். 2025 ஜூலை 21-ல டாக்காவுல வங்கதேச விமானப்படையோட எஃப்-7 பயிற்சியில கிளம்பி, ஒரு பள்ளிக்கூடத்து மேல விழுந்தது. 30 பேருக்கு மேல செத்தாங்க, பாதிக்கு மேல குழந்தைங்க. எஃப்-7 யாரு தெரியுமா? மிக்-21-ஐப் பார்த்து சீனா செஞ்ச தம்பி.

புது மீட்டர், பழைய ஃப்ரேம்

'அப்கிரேடு'ன்னா என்ன? எனக்கு இதைப் புரிய வெச்சது புத்தகம் இல்லை. நண்பனோட அப்பா. ஸ்பின்னிங் மில்லுல முப்பது வருஷமா ஃபிட்டர்.

"தம்பி, எங்க மில்லுல ஒரு பழைய ரிங் ஃப்ரேம் கெடக்கு. அதுக்குப் புது மோட்டார் போட்டோம், இன்வெர்ட்டர் போட்டோம், கம்ப்யூட்டர் மீட்டர்கூட வெச்சோம். நல்லாத்தான் ஓடுது. ஆனா அடிச் சட்டம் பழசு. கதிர் ஆடும். எப்ப எங்க விரிசல் விடும்னு காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

அவ்வளவுதான் பாஸ் அப்கிரேடு! மிக்-21-ல 125 விமானங்களை 'பைசன்' ரகமா மாத்தினாங்க. புது ரேடார், புது ஏவுகணை, தலையைத் திருப்பின பக்கம் குறி வைக்கிற ஹெல்மெட். 2019 பிப்ரவரி 27-ல நம்ம தமிழ்நாட்டு அபிநந்தன் வர்த்தமான் பறந்தது அந்த பைசன்லதான். பார்வை கூர்மையாச்சு, கை நீளமாச்சு. ஆனா உடம்புக்கு வயசு வயசுதான்.

மேம்படுத்தறதே தப்புன்னு சொல்ல வரலை. 1980-கள்ல வாங்கின மிராஜ்-2000-ஐ மேம்படுத்த 2011-ல பிரான்ஸோட ஒப்பந்தம் போட்டோம். அந்த மிராஜ் இன்னிக்கும் பறக்குது. நல்ல சட்டத்துக்குப் புது மீட்டர் போட்டா லாபம். தேஞ்ச சட்டத்துக்குப் போட்டா ரிஸ்க். எது எதுன்னு கண்டுபிடிக்கிறதுலதான் இன்ஜினீயருக்கு வேலை.

கிபிர் சொல்லும் பாடம்

கடலைத் தாண்டி இலங்கைக்குப் போவோம். அங்கே 'கிபிர்'னு ஒரு பேர். 1996-ல இஸ்ரேல்கிட்ட இருந்து வந்த போர் விமானம். வன்னியில வாழ்ந்த நம்ம தமிழ்ச் சொந்தங்ககிட்ட அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. ரேடார், ஏவுகணை எதுவும் அவங்களுக்கு ஞாபகம் வராது. பதுங்கு குழிதான் ஞாபகம் வரும். போர் விமானத்துக்குக் கீழேயும் மனுஷங்க இருக்காங்கன்னு மறந்துட்டு, 'கெத்து'ன்னு மட்டும் பேச முடியாது. அணையில நாங்க மறந்தது அதைத்தான்.

அந்த கிபிர்ல அஞ்சை மேம்படுத்த, 2021-ல இலங்கை சுமார் 5 கோடி டாலருக்கு இஸ்ரேல் நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டுச்சு. ஆனா கிபிர்ல நமக்கு வேண்டிய பாடம் வேற. அதைச் செஞ்சது இஸ்ரேல், இன்ஜின் அமெரிக்காவோட ஜே-79. 1977-ல ஈக்வடார் நாட்டுக்கு கிபிர் விக்க இஸ்ரேல் தயார். 'எங்க இன்ஜின் இருக்கு, விக்காதே'ன்னு அமெரிக்கா தடுத்துடுச்சு.

வண்டி உங்களோடது. சாவி பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட. புரியுதா?

பாகிஸ்தான் சீனாவோட சேர்ந்து செய்ற ஜேஎஃப்-17-க்கு இன்ஜின் ரஷ்யாவோடது. அவங்க எஃப்-16-ஐப் பராமரிக்க 2022-ல அமெரிக்கா 45 கோடி டாலர் திட்டத்துக்கு ஓகே சொல்லிச்சு. அந்த ஓகே இல்லைன்னா எஃப்-16 கொட்டகையில தூங்கும்.

நம்ம தேஜஸும் அதே கதைதானா?

தேஜஸ் நமக்குத் தூரத்து விமானம் இல்லை. 2018-ல இருந்து அதோட வீடு கோயம்புத்தூர் பக்கத்துல இருக்கிற சூலூர்தான். 2020-ல ரெண்டாவது அணியும் சூலூர்லயே வந்தது. அதே வருஷம் தஞ்சாவூருக்கு சுகோய்-30 அணி வந்தது.

இந்தத் திட்டத்துக்காக ஏடிஏ அமைப்பு உருவானது 1984-ல. முதல் தடவை பறந்தது 2001 ஜனவரி 4-ல. நடுவுல 1998-ல பொக்ரான் அணுகுண்டு சோதனை. உடனே அமெரிக்கா பொருளாதாரத் தடை. அங்கே நம்ம விஞ்ஞானிகள் வேலை பார்த்துக்கிட்டிருந்த விமானக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேரை அம்போன்னு விட்டுட்டு ஊர் திரும்ப வேண்டியதாச்சு. இங்கே வந்து நாமே எழுதி முடிச்சோம். சாஃப்ட்வேர்ல ஜெயிச்சோம், இன்ஜின்ல ஜெயிக்கலை.

1961-லயே நாம 'மருத்'னு ஒரு ஜெட் போர் விமானம் பறக்க விட்டோம்னா நம்புவீங்களா? ஜெர்மன் இன்ஜினீயர் குர்ட் டாங்க் தலைமையில செஞ்சது. உடம்பு சூப்பர். ஏத்த இன்ஜின் கடைசி வரைக்கும் கிடைக்கலை. தேஜஸுக்காக காவேரி இன்ஜின் திட்டம் 1989-ல ஆரம்பிச்சது. போதுமான உந்துவிசை வராததால 2008-ல அதைத் தேஜஸ்ல இருந்து பிரிச்சுட்டாங்க. இன்னிக்கு தேஜஸ்ல இருக்கிறது அமெரிக்காவோட எஃப்-404.

2021 பிப்ரவரியில 83 தேஜஸ் மார்க்-1ஏ-வுக்கு ஆர்டர். 2024 மார்ச்ல டெலிவரி ஆரம்பிக்கணும். 2025 முடியற வரைக்கும் ஒண்ணுகூட விமானப்படை கைக்கு வரலை. பெரிய காரணம், இன்ஜின் லேட். அந்த ஆர்டருக்கான முதல் இன்ஜின் வந்ததே 2025 மார்ச்லதான். இதுக்கு நடுவுல 2025 செப்டம்பர்ல இன்னும் 97 விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 அணிகள். மிக்-21 போனப்போ மிச்சம் இருந்தது 29.

சீனியும் கற்கண்டும்

ராக்கெட் விடற நாடு ஜெட் இன்ஜின் செய்யத் திணறலாமா? நானும் கேட்டேன். பதில், டர்பைன்ல இருக்கிற உள்ளங்கை அளவு பிளேடு.

அந்த பிளேடைச் சுத்தி ஓடுற வாயுவோட சூடு, பிளேடு செஞ்ச உலோகத்தோட உருகுநிலையை விட அதிகம். அதுல நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுத்தணும், நீளக் கூடாது, வளையக் கூடாது. சாதா உலோகம் சீனி மாதிரி. குட்டிக் குட்டிப் படிகம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஒட்டு இருக்கிற இடத்துலதான் சூட்டுல விட்டுக் கொடுக்கும். அதனால முழு பிளேடையும் ஒரே கற்கண்டுக் கட்டி மாதிரி, ஒரே படிகமா வளர்க்கணும். உள்ளே காத்து போய்க் குளிர்விக்க மெல்லிசா வழி விடணும். ராக்கெட் இன்ஜின் சில நிமிஷம் எரிஞ்சா போதும். இது ஆயிரக்கணக்கான மணி நேரம் எரியணும். இந்த வித்தை தெரிஞ்ச நாடுகளைக் கை விரல்ல எண்ணிடலாம். யாரும் சொல்லித் தர மாட்டாங்க. மெட்டலர்ஜி, மெக்கானிக்கல் மக்களே, 'கோர் கம்பெனியில என்ன இருக்கு'ன்னு கேட்பீங்களே... இதான் இருக்கு!

இன்னொரு விஷயம் கேளுங்க. மார்க்-1ஏ-வோட இறக்கைகள் தயாராகுறது கோயம்புத்தூர்ல, எல் அண்ட் டி தொழிற்சாலையில. தேஜஸுக்குப் பாகம் செஞ்சு தர்ற கம்பெனிகள் பட்டியல்ல எல்எம்டபிள்யூ-வும் உண்டு. அதே லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ்தான்! நண்பனோட அப்பாகிட்ட சொன்னேன். "நம்ம மில்லுக்கு மெஷின் குடுக்கிறவங்களா தம்பி?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். மூணாவது தடவை வீட்டுக்குள்ளே பார்த்து சத்தமா, அம்மா காதுல விழற மாதிரி கேட்டார்.

அம்மாவுக்கு என்ன பதில்?

உண்மையைத்தான் சொன்னேன். பழைய மிக் போயாச்சு. ஆனா புதுசுன்னா பயமே இல்லைன்னு சொல்ல முடியாது. 2025 நவம்பர் 21-ல துபாய் விமானக் கண்காட்சியில தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் சியால் உயிர் விட்டார். சூலூர்ல வேலை பார்த்தவர். அம்மா டி.வி.யில பார்த்துப் பயந்ததும் அதைத்தான். தேஜஸ் வரலாற்றுல உயிரைப் பறிச்ச முதல் விபத்து அது.

அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "பறக்கிறவன் மட்டும்தான் ஏர் ஃபோர்ஸா? மெஷினைப் பார்க்கிறவன் இல்லையா?"ன்னு கேட்டாங்க. அப்பா முப்பது வருஷமா காதை வெச்சுக் கேட்கிற வேலை. அந்த வீட்டுக்குத் தெரிஞ்ச வேலை.

உண்டு அம்மா. விமானப்படையில டெக்னிக்கல் பிரிவுன்னே இருக்கு. அப்துல் கலாமே பைலட் ஆகணும்னு ஆசைப்பட்டு டேராடூன் போய், எட்டு இடத்துக்கு ஒன்பதாவதா வந்து திரும்பினவர். 2006-ல ஜனாதிபதியா சுகோய்-30-ல பறந்துட்டார். அது வேற கதை.

ஏஎஃப்கேட் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும் ஃப்ரெண்ட்ஸ். பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயசு, தரைப் பணிகளுக்கு 20 முதல் 26. பெண்களும் எழுதலாம். எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் தேர்வு வாரிய நேர்காணல் உண்டு. பைலட்டுக்குக் கூடுதலா ஒரு திறன் சோதனை. அதை வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தயாராகிட்டுப் போங்க.

நண்பன் என்ன செஞ்சான்? பறக்கும் பிரிவு, டெக்னிக்கல் பிரிவு ரெண்டுக்கும் போட்டிருக்கான். எது முதல் விருப்பம்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. அடுத்த ஞாயிறு மறுபடி பிளவக்கல் போறோம். இந்தத் தடவை 'எது கெத்து'ன்னு யாராவது ஆரம்பிச்சா, ஒரே கேள்விதான் கேட்கப் போறேன்.

இன்ஜின் யாரோடது பாஸ்?